413 பந்து எறிந்த கை! சாப்ட்பால் ஆட்டத்தில் வெல்வது ஒருவரா, ஒன்பது பேரா?

2008-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி. சீனத் தலைநகர் பீஜிங்கில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டு இருந்தன.

அன்று யூகிகோ உவேனோ என்ற ஜப்பானியப் பெண் பந்து எறிய வந்தார். அவருக்கு வயது 26. ஆட்டத்தின் பெயர் சாப்ட்பால். எதிரே நின்றது அமெரிக்கா.

1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கப் பதக்கத்தைத் தட்டிச்சென்ற நாடு அமெரிக்கா. 2004-ம் ஆண்டில் அந்த அணி 9 ஆட்டங்கள் ஆடியது. எடுத்த ஓட்டம் 51. கொடுத்த ஓட்டம் எவ்வளவு தெரியுமா? ஒன்றே ஒன்று!

அப்படிப்பட்ட அணியை எதிர்த்து உவேனோ 9 இன்னிங்ஸ் பந்து எறிந்தார். ஆனாலும் ஜப்பான் 4-1 என்ற கணக்கில் தோற்றது.

தோற்றாலும் ஒரு வழி திறந்து இருந்தது. அதே நாளில் ஆஸ்திரேலியாவை வென்றால் இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். மறுபடியும் உவேனோவே எறிய வந்தார். அந்த ஆட்டம் 12 இன்னிங்ஸ் நீண்டது. ஜப்பான் 4-3 என்று வென்றது.

ஒரே நாளில் அவர் எறிந்த பந்துகள் 318.

மறுநாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் அமெரிக்கா. அன்றும் உவேனோதான் எறிந்தார். 95 பந்துகள். ஜப்பான் 3-1 என்று வென்று தங்கம் பெற்றது.

இரண்டு நாள். மூன்று ஆட்டம். 413 பந்து. ஜப்பானில் "413 பந்து" என்றாலே அது உவேனோவைக் குறிக்கும் என்று ஆகிவிட்டது.

இது பெரிய சாதனை. அதில் ஐயம் இல்லை. ஆனால், அது சரியான வழியா? ஒரு அணியின் பாரம் முழுவதையும் ஒரு பெண்ணின் கை தாங்கத்தான் வேண்டுமா? அப்படித் தாங்கினால் வெற்றி நிச்சயமா?

இந்தக் கேள்விகளுக்கு இப்போது விடை தேடவேண்டி இருக்கிறது. காரணம், 2028-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சாப்ட்பால் மீண்டும் இடம் பெறுகிறது. மேலும், அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்குப் பணம் வந்து கொட்டத் தொடங்கிவிட்டது. நன்றாக எறியும் கைக்கு விலை பேசப்படுகிறது.

அது என்ன ஆட்டம்?

சாப்ட்பால், பேஸ்பால் ஆட்டத்தின் தங்கை. 1887-ம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தது. குளிர்காலத்தில் கூரைக்கு அடியில் ஆடுவதற்காகத் தோன்றிய ஆட்டம் இது. குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டினார்கள். அதுதான் பந்து! துடைப்பக் கம்புதான் மட்டை!

சாப்ட் என்றால் மெத்து என்று பொருள். ஆனால் இன்றைய பந்து மெத்தென்று இராது. கெட்டியாக இருக்கும். சுற்றளவு 12 அங்குலம். கிரிக்கெட் பந்தின் சுற்றளவு சுமார் 9 அங்குலம்தான்.

ஒரு அணியில் 9 பேர் வரிசையாக வந்து பந்தை அடிப்பார்கள். அடித்தவர் மூன்று தளங்களையும் சுற்றி ஓடி, அடித்த இடத்துக்கே திரும்பிவந்தால் ஒரு ஓட்டம்.

எறியப்படும் பந்தில் நல்ல பந்து உண்டு. கெட்ட பந்தும் உண்டு. அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே, அடிக்கும் தளத்துக்கு மேலே வருவது நல்ல பந்து. விலகிப்போவது கெட்ட பந்து. மூன்று நல்ல பந்தைக் கோட்டைவிட்டால் அடிப்பவர் அவுட். கெட்ட பந்தை வீசி அடிக்கப்போய்த் தவறவிட்டாலும் அது அவர் கணக்கில்தான் ஏறும். நான்கு கெட்ட பந்து வந்தால், அவர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம்.

மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ் முடியும். ஏழு இன்னிங்ஸ் சேர்ந்தது ஒரு ஆட்டம். சமநிலையில் நின்றால் ஆட்டம் நீளும்.

பந்தை எப்படி எறிவது? இங்கேதான் புதுமை இருக்கிறது. தோளுக்கு மேலே கையைத் தூக்கி எறியக்கூடாது. கையைக் கீழே கொண்டுவந்து, இடுப்புக்குப் பக்கத்தில் பந்தை விடவேண்டும்.

கிரிக்கெட்டில் அப்படி எறிவது அவமானம். 1981-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலிய வீரர் டிரவர் சாப்பல், நியூசிலாந்துக்கு எதிராகக் கடைசிப் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டார். அதற்காக உலகமே முகம் சுளித்தது. ஆனால் சாப்ட்பாலில் கீழ்க்கை வீச்சுதான் சட்டம். அதுதான் பெருமை.

காற்றாடி போன்ற கை

பந்து எறியும் பெண், கையை ஒரு முழு வட்டம் சுழற்றுகிறார். காற்றாடியின் இறக்கை சுற்றுவதுபோல் இருக்கும். அந்தச் சுழற்சியின் வேகம் முழுவதும் பந்தில் ஏறுகிறது.

முன்னணி வீராங்கனைகள் மணிக்கு 70 மைல் வேகத்தில் எறிகிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் சொன்னால் 110-க்கும் மேல்.

"இது ஒன்றும் பெரிய வேகம் அல்லவே, கிரிக்கெட்டில் இதைவிட வேகமாக எறிகிறார்களே!" என்று தோன்றலாம். ஆனால் தூரத்தைப் பார்க்கவேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட்டுக்கு விக்கெட் 66 அடி தூரம். பேஸ்பாலில் எறியும் தூரம் 60½ அடி. சாப்ட்பாலில் பெண்களுக்கு 43 அடி மட்டுமே!

ஆகவே பந்து கையைவிட்டுக் கிளம்பி, மட்டைக்கு வந்துசேர அரை வினாடிகூட ஆவதில்லை. கண்ணை இமைத்துத் திறக்கும் நேரம்தான். அதற்குள் பந்து எங்கே வருகிறது, எவ்வளவு வேகம், அடிக்கலாமா, விடலாமா என்று முடிவு செய்யவேண்டும். மட்டையையும் சுழற்றவேண்டும்!

வேகம் மட்டும் போதாது. ஏமாற்றும் வித்தையும் வேண்டும்.

ஒரு பந்து மேலே ஏறுவதுபோல் வரும். தாழ்வான இடத்தில் இருந்து மேல்நோக்கி விடப்படுவதாலும், பின்பக்கமாகச் சுழல்வதாலும் அது விழவேண்டிய அளவு கீழே விழாமல் வருகிறது. நடுவானில் அது துள்ளுவது இல்லை. கண்தான் ஏமாறுகிறது. அடிப்பவர் மட்டையைச் சுழற்றுகிறார். பந்து மட்டைக்கு மேலே போய்விடுகிறது.

இன்னொரு பந்து முன்பக்கமாகச் சுழன்று வரும். கிட்டே வந்ததும் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். அடித்தாலும் தரையில் உருளுமே தவிர, உயரப் பறக்காது.

மூன்றாவது வகை, மெதுவான பந்து. கை சுழலும் வேகம் அதேதான். முகபாவமும் அதேதான். ஆனால் பந்து மட்டும் சோம்பல்பட்டு வரும். வேகப்பந்தை எதிர்பார்த்தவர் முன்கூட்டியே மட்டையைச் சுழற்றிவிட்டு, அசடு வழிய நிற்பார்.

இதில் உள்ள தந்திரம் என்ன? எல்லாப் பந்தும் கையைவிடும்போது ஒன்றுபோலத் தெரியவேண்டும். மட்டைக்கு வரும்போது வேறாக மாறவேண்டும். உயரத்தில் ஒன்று, தாழ்வில் ஒன்று, வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று என்று மாற்றி மாற்றி எறிந்தால், அடிப்பவரின் கண்ணும் கையும் ஒத்துழைக்காது. எறிபவரின் பலம், மறைப்பதில் இருக்கிறது.

அடிப்பவர் சும்மா இருப்பாரா?

அடிப்பவரின் பலம் எதில் இருக்கிறது? கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

முதலில், நிற்கும் இடம். பந்து நன்றாக வளைந்து இறங்குகிறதா? அடிப்பவர் கட்டத்தில் முன்னால் போய் நிற்பார். பந்து இறங்குவதற்கு முன்பே அதை அடித்துவிடலாம். பந்து மிக வேகமாக வருகிறதா? பின்னால் தள்ளி நிற்பார். பார்ப்பதற்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, பொறுமை. மேலே ஏறும் பந்து பெரும்பாலும் கெட்ட பந்துதான். ஆசையைத் தூண்டும். அதைத் தொடாமல் விட்டால் எறிபவரின் கணக்கில் அது நஷ்டம். "மார்புக்கு மேலே வருவதைத் தொடாதே" என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் பாலபாடம்.

மூன்றாவது, களைக்க வைத்தல். இரண்டு நல்ல பந்து போன பிறகும், அடுத்த பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டால், அது பிடிபடாதவரை அவுட் இல்லை. இப்படித் தட்டித் தட்டியே, எறிபவரைப் பத்துப் பந்து எறியவைத்து விடுவார்கள். அந்தப் பத்துப் பந்தையும் மற்ற எட்டுப் பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

நான்காவது, ஓட்டம். இடது கையால் அடிப்பவர் முதல் தளத்துக்குக் கிட்டே நிற்கிறார். அவர் ஓடிக்கொண்டே பந்தைத் தட்டுவார். தளங்களுக்கு இடையே 60 அடி தூரம்தான். எதிரணி பந்தை எடுத்து வீசுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். ஜப்பான் அணி இந்த வகை ஆட்டத்தில் கைதேர்ந்தது.

இப்போது இன்னொரு உதவியும் சேர்ந்துவிட்டது. அதுதான் வீடியோ படம். ஒரு பெண் எறிந்த ஒவ்வொரு பந்தையும் எதிரணி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. மெதுவான பந்து எறியும்போது விரல் எப்படி இருக்கிறது? தோள் சாய்கிறதா? ஒரு சிறு அடையாளம் கிடைத்தால் போதும். மறைத்துவைத்த வித்தை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

மட்டைகளும் மாறிவிட்டன. மரமட்டை போய், பந்தை விசையோடு தள்ளும் செயற்கைப் பொருள் மட்டைகள் வந்துவிட்டன. ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜோஸ்லின் ஆலோ என்ற பெண், 2022-ம் ஆண்டு ஒக்லஹோமா பல்கலைக்கழக ஆட்டத்தை முடித்தபோது, மொத்தம் 122 முறை பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்திருந்தார். அவருக்கு முன்பு இருந்த சாதனை 95. அடிப்பவர்களின் கை ஓங்கிவருகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு ஆட்டத்தில் 7 இன்னிங்ஸ். இன்னிங்சுக்கு 3 பேர் வீதம், மொத்தம் 21 அவுட். அடிப்பவர்கள் 9 பேர். வரிசை மாறாது.

இரண்டு சுற்று முடிந்தால் 18 பேர் அவுட். மீதி 3. ஆகவே, ஒருவர்கூடத் தளம் ஏறாவிட்டாலும், முதல் மூன்று பேர் மூன்றாவது தடவை அடிக்க வந்தே தீருவார்கள்.

அந்த முதல் மூவர் யார்? அணியின் திறமைசாலிகள்! பயிற்சியாளர்கள் அவர்களைத்தான் வரிசையின் தலைப்பில் வைப்பார்கள்.

முதல் நாள் வரும் மந்திரவாதி எல்லாரையும் வாய்பிளக்க வைப்பான். அதே வித்தையை மூன்று தடவை அருகில் இருந்து பார்த்தால், சிறுபிள்ளைக்கும் குட்டு தெரிந்துவிடும். சாப்ட்பாலிலும் அதே கதைதான். எறிபவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் களைப்பு ஏறுகிறது. அடிப்பவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் அறிவு ஏறுகிறது.

ஒரே ஆட்டத்தில் இப்படி என்றால், அதே இரண்டு அணிகள் அடுத்தடுத்து மூன்று நாள் மோதினால் என்ன ஆகும்?

2025-ம் ஆண்டு அதுதான் நடந்தது.

8¾ கோடி ரூபாய்க் கை

நிஜாரி கேனடி என்ற பெண், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பந்து எறிந்து பெயர் பெற்றவர். 2024-ம் ஆண்டு டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் அவரைத் தன்பக்கம் அழைத்துக்கொண்டது. அதற்காகப் பேசிய தொகை 10 லட்சத்து 50 ஆயிரத்து 24 டாலர். ஓர் ஆண்டு ஆடுவதற்கு! அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 8¾ கோடி ரூபாய்.

கடைசியில் உள்ள 24 என்ன? அது அவருடைய சட்டையில் இருக்கும் எண்!

மாணவி ஒருவர் இப்படிப் பணம் வாங்கலாமா என்று கேட்கலாம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்க 2021-ம் ஆண்டு முதல் அனுமதி உண்டு. சாப்ட்பாலில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் பெண் கேனடிதான்.

கொடுத்த பணம் வீண்போகவில்லை. கல்லூரிகளின் உலகத்தொடர் என்று சொல்லப்படும் பெரும்போட்டி ஒக்லஹோமா நகரில் நடந்தது. அங்கே டெக்சாஸ் டெக் இறுதிவரை வந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு பந்தையும் எறிந்தவர் கேனடி. வேறு எவரும் ஒரு பந்துகூட எறியவில்லை.

இறுதிக்கட்டத்தில் எதிரே வந்தது டெக்சாஸ் பல்கலைக்கழகம். மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றால் கோப்பை. டெக்சாசின் பயிற்சியாளர் மைக் ஒயிட் நியூசிலாந்துக்காரர். ஆண்கள் ஆட்டத்தில் பந்து எறிந்து பெயர் வாங்கியவர். எறிபவர்களின் தந்திரம் எல்லாம் அவருக்கு அத்துபடி.

நான்காவது கெட்ட பந்து

ஜூன் மாதம் 4-ந் தேதி முதல் ஆட்டம். டெக்சாஸ் டெக் 1-0 என்று முன்னணியில் இருந்தது. 6-வது இன்னிங்ஸ். டெக்சாஸ் அணியினர் இருவர் இரண்டாவது, மூன்றாவது தளங்களில் நின்றார்கள். அடிக்க வந்தவர் ரீஸ் ஆட்வுட் என்ற பலசாலி.

"இவரை அடிக்க விடவேண்டாம்" என்று டெக்சாஸ் டெக் முடிவு செய்தது. வேண்டும் என்றே நான்கு கெட்ட பந்து எறிந்து, முதல் தளத்துக்கு அனுப்பிவிடுவது என்று திட்டம். இது சாப்ட்பாலில் பழைய தந்திரம்தான். பலசாலிக்கு வழிவிட்டு, அடுத்தவரை மடக்குவது.

மூன்று கெட்ட பந்து விலகிப் போயிற்று. நான்காவது பந்து போதிய அளவு விலகவில்லை. மட்டைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. ஆட்வுட் சட்டென்று வீசி அடித்தார். பந்து இடதுபக்கம் பறந்தது. இருவரும் ஓடி வந்துவிட்டார்கள். டெக்சாஸ் 2-1 என்று வென்றது.

"கேனடி கவனம் இல்லாமல் எறிந்துவிட்டார்" என்று சொல்லிவிடலாம். அது எளிது. ஆனால் ஆட்வுட்டையும் பார்க்கவேண்டும். சும்மாவே தளம் கிடைக்கப்போகிறது. மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். அவர் அப்படி நிற்கவில்லை. கடைசிப் பந்துவரை கண்ணை எடுக்கவில்லை. எறிபவரின் ஒரு சிறு தவறுக்குக் காத்திருந்தார்.

மறுநாள் கேனடி மீண்டும் எறிந்தார். டெக்சாஸ் டெக் 4-3 என்று வென்றது. கோப்பை யாருக்கு என்பது மூன்றாம் நாளுக்குப் போயிற்று.

ஜூன் 6-ந் தேதி. மூன்றாம் நாளாகக் கேனடி களம் இறங்கினார். முதல் இன்னிங்சிலேயே டெக்சாஸ் 5 ஓட்டம் எடுத்துவிட்டது! அத்துடன் கேனடி வெளியேற்றப்பட்டார். ஆட்டம் 10-4 என்று முடிந்தது. டெக்சாஸ் தன் வரலாற்றில் முதல் தடவையாகக் கோப்பையை வென்றது.

கேனடியிடம் டெக்சாஸ் எடுத்த ஓட்டங்களை வரிசையாகப் பார்க்கலாம். முதல் நாள் முழு ஆட்டத்தில் 2. இரண்டாம் நாள் முழு ஆட்டத்தில் 3. மூன்றாம் நாள் ஒரே இன்னிங்சில் 5!

எறிந்த பெண் அதே பெண். அடித்ததும் அதே அணி. மாறியது எது? ஒரு பக்கம் கை களைத்தது. மறுபக்கம் கண் தெளிந்தது.

டெக்சாஸ் டெக் இந்தப் பாடத்தை உடனே படித்துக்கொண்டது. அதே 2025-ம் ஆண்டில், கெய்ட்லின் டெர்ரி என்ற இன்னொரு வீராங்கனையை மற்றொரு பல்கலைக்கழகத்தில் இருந்து அழைத்துக்கொண்டது. அவர் இடது கையால் பந்து எறிபவர்!

"கீழ்க்கை வீச்சு வலிக்காது"

"சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் ஒருவரையே எறிய விடுகிறார்கள்?" என்ற கேள்வி எழும்.

அதற்கும் காரணம் இருக்கிறது. தோற்றால் வெளியேற்றம் என்ற ஆட்டத்தில், எந்தப் பயிற்சியாளருக்கும் நாளையைப்பற்றி எண்ண மனம் வராது. களைத்துப்போன முதல்தர வீராங்கனை, களைக்காத இரண்டாம்தர வீராங்கனையைவிட மேல் என்றே தோன்றும். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். 2008-ல் உவேனோவை நம்பியதால்தானே ஜப்பானுக்குத் தங்கம் கிடைத்தது?

எறியும் பெண்ணும் "போதும்" என்று சொல்லமாட்டார். "இன்னும் எறிகிறேன்" என்றுதான் சொல்வார். வீரர்களின் இயல்பு அது.

இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. "கையைத் தூக்கி எறிந்தால்தான் தோள் கெடும், கீழ்க்கை வீச்சு இயற்கையானது, எத்தனை எறிந்தாலும் வலிக்காது" என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருந்துவருகிறது.

அந்த நம்பிக்கை தவறு. எறியும் பெண்களைப் படம்பிடித்து ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தார்கள். கையைச் சுழற்றிப் பந்தை விடும்போது, தோள் மூட்டைக் கழற்றி இழுப்பதுபோன்ற விசை உண்டாகிறது. அது அந்தப் பெண்ணின் உடல் எடையை நெருங்குகிறது! ஒவ்வொரு பந்துக்கும் இப்படி ஒரு இழுப்பு. நூறு பந்து எறிந்தால் நூறு இழுப்பு. தோளின் முன்பக்கத் தசைநார் வலி இந்த ஆட்டத்தில் சாதாரணமாகக் காணப்படும் ஒன்று.

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு, 2007-ம் ஆண்டு முதல் ஒரு சிறுவன் ஒரு நாளில் இத்தனை பந்துதான் எறியலாம் என்று வரம்பு வைத்தது. வரம்பைத் தொட்டால் நிறுத்தவேண்டும். ஓய்வு கொடுக்கவேண்டும். ஆனால் 2025-ல் கேனடி ஆடிய கல்லூரி சாப்ட்பாலில் அப்படி வரம்பு எதுவும் கிடையாது.

பையனின் தோளுக்குக் காட்டிய அக்கறை, பெண்ணின் தோளுக்கு வேண்டாமா?

இது கோப்பையோடு முடிகிற விஷயம் அல்ல. முன்பெல்லாம் கல்லூரி முடிந்தால் பெரும்பாலான பெண்களுக்கு ஆட்டமும் முடிந்துவிடும். இப்போது அப்படி அல்ல. 2025-ம் ஆண்டு அமெரிக்காவில் பெண்களுக்கான புதிய தொழில்முறை சாப்ட்பால் லீக், நான்கு அணிகளுடன் தொடங்கியது. அதில் பேஸ்பாலின் பெரிய லீக்கே பணம் போட்டிருக்கிறது. கை நன்றாக இருந்தால் பல ஆண்டு சம்பாதிக்கலாம். 22 வயதில் தோள் போய்விட்டால் பிழைப்பே போய்விடும்.

ஜப்பான் செய்தது என்ன?

2005-ம் ஆண்டு சிங்கப்பூரில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, சாப்ட்பாலை 2012 ஒலிம்பிக்கில் இருந்து நீக்கியது. வாக்குகள் 52-52. சரிபாதி! பெரும்பான்மைக்கு ஒரு வாக்கு குறைந்தது. அதனால் 2008-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் சாப்ட்பால் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் மீண்டும் வந்தது. கொரோனாவால் ஓர் ஆண்டு தள்ளி, 2021-ல் நடந்தது.

ஜூலை 27-ந் தேதி யோக்கஹாமா நகரில் இறுதி ஆட்டம். ஜப்பானும் அமெரிக்காவும் மோதின. பந்து எறிய வந்தவர் யார்? அதே உவேனோ! இப்போது அவருக்கு வயது 39.

ஆனால் இந்தத் தடவை ஜப்பான் அவரை மட்டும் நம்பவில்லை. பயிற்சியாளர் ரெய்கா உத்சுகி, 20 வயதுப் பெண் ஒருவரைத் தயாராக வைத்திருந்தார். அவர் பெயர் மியு கோத்தோ. இடது கையால் எறிபவர்.

உவேனோ வலது கை. கோத்தோ இடது கை. உவேனோவின் பந்தைப் பார்த்துப் பழகிய அமெரிக்கர்களுக்கு, 6-வது இன்னிங்சில் திடீரென்று வேறு பக்கத்தில் இருந்து வேறு விதமான பந்து வந்தது. படித்த பாடம் அத்தனையும் மறுபடி முதலில் இருந்து!

அதே இன்னிங்சில் அமெரிக்கா ஒரு பலமான அடி அடித்தது. பந்து ஜப்பானிய வீராங்கனை யூ யமமோத்தோவின் கையில் மோதித் தெறித்தது. தெறித்த பந்து தரையில் விழும் முன்பே மானா அத்சுமி பாய்ந்து பிடித்தார். உடனே இரண்டாவது தளத்துக்கு எறிந்தார். ஒரே அடியில் இருவர் அவுட்! எறிபவர் மட்டும் அல்ல, பின்னால் நிற்பவர்களும் சேர்ந்துதான் ஆட்டத்தைக் காக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

கடைசி இன்னிங்சில் உவேனோ மீண்டும் வந்தார். முதலில் ஆடியவர் வெளியேறி, ஒரு தடவை திரும்பி வரலாம் என்பது சாப்ட்பால் சட்டம். ஓய்வு எடுத்த கை, ஆட்டத்தை முடித்துவைத்தது. ஜப்பான் 2-0 என்று வென்றது. மீண்டும் தங்கம்!

2008-ல் ஒரு கை 413 பந்து எறிந்து வாங்கிய தங்கத்தை, 2021-ல் இரண்டு கைகள் பகிர்ந்து வாங்கின. 13 ஆண்டுகளுக்குப் பிறகும் உவேனோ களத்தில் நிற்க முடிந்தது. புதிதாக ஒரு பெண்ணும் உருவானார்.

2028-ல் என்ன ஆகும்?

லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 6 நாடுகள் சாப்ட்பால் ஆடும். ஆனால் ஆட்டம் நடக்கப்போவது லாஸ் ஏஞ்சல்சில் அல்ல. சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, ஒக்லஹோமா நகரில்! சாப்ட்பாலுக்கென்றே கட்டிய பெரிய மைதானம் அங்கேதான் இருக்கிறது. 2025-ல் கேனடி மூன்று நாள் எறிந்ததும் அதே மைதானத்தில்தான்.

ஆறே நாடுகள் என்பதால், வலுவான அணிகள் ஒரே போட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சந்திக்க நேரலாம். ஒரே வீராங்கனையை நம்பி வரும் நாடு, முதல் சந்திப்பில் வெல்லக்கூடும். இரண்டாவது சந்திப்பில் திணறும்.

ஆகவே எந்த நாடு வெல்லும் என்று கணிப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். எறியும் பக்கத்தில், ஒன்றுபோல் இல்லாத இரண்டு மூன்று கைகள் இருக்கின்றனவா? அடிக்கும் பக்கத்தில், கெட்ட பந்தை விட்டுவிடும் பொறுமை ஒன்பது பேருக்கும் இருக்கிறதா?

தனி ஒருவரின் வீரம் கண்ணைப் பறிக்கும். கைதட்டல் வாங்கும். அந்த வீரத்தைக் குறைசொல்ல எவராலும் முடியாது. ஆனால் அந்த வீரத்தை நாள் தவறாமல் கேட்பது முறை அல்ல. அது வெற்றிக்கும் வழி அல்ல என்று ஆடுகளமே காட்டிவிட்டது.

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பந்து எறிவதற்கும் அது பொருந்தும்!